ஆபரேஷன் ஆன பூனை மேலே ஏறுகிறது, தெருப்பூனை கூண்டில் ஏற மறுக்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டு ஆண் பூனை தொரைக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் முடிந்திருந்தது. பெட்டைப் பூனை வெல்லத்துக்கும் ஆகிவிட்டது. ஒரு மார்கழி இரவில் அவன் வெல்லத்தின் பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறி நிற்க, அவள் கத்திய கத்தலில் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார். "ஆபரேஷன் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே, அப்போ காசெல்லாம் வேஸ்ட்டா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். கடைசியில் பார்த்தால் காரணம் வீட்டுக்குள்ளேயே இல்லை. பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டிருந்த, யார் கைக்கும் சிக்காத ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனைதான் காரணம். சாம்பலி என்று நான் பெயர் வைத்த அவளைப் பிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அதைப் படித்தால் போதும். ஆனால் முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

ஏறுகிறான், கூடவே அடிக்கடி லிட்டர் தட்டுக்கும் ஓடுகிறான்

மலஜலம் கழிக்க வைத்திருக்கும் அந்த மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறானா, கத்துகிறானா, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறானா? சிறுநீர் சொட்டுச் சொட்டாகவோ ரத்தம் கலந்தோ வருகிறதா, வரவே இல்லையா? அப்படியானால் இதைக் காதல் விவகாரமாகப் பார்க்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சிறு படிகக் கற்களோ சளி போன்ற பசையோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் தேங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். பலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிறுநீர் வரவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடைப்பு இல்லாமல் சிறுநீர்ப்பையில் வலியும் எரிச்சலும் மட்டும் இருக்கும் பூனைகளும் உண்டு. அந்த எரிச்சல் தாங்காமல் தலையணை மேல் ஏறுகிறவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு தொல்லை: வலிக்கும் பூனைக்கு மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. கால் மாத்திரைகூட வேண்டாம்.

ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிற்கவில்லை

காத்திருங்கள். விதையை எடுத்த ஓரிரு நாளிலேயே ஆண் ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சில பூனைகளுக்கு வாரக் கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு மாதக் கணக்கில். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஏற்கெனவே குழாயில் தங்கிவிட்ட விந்தணு சில வாரம் உயிரோடிருக்கும். ஆகவே ஆபரேஷன் ஆகாத பெட்டை வீட்டில் இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு இருவரையும் தனித்தனி அறையில் வைப்பதே நல்லது. "ஆபரேஷன் ஆனவன்தானே" என்று விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் குட்டியை எண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

வருடக் கணக்கில் ஒன்றுமில்லை, திடீரென்று ஆரம்பித்துவிட்டான்

தொரையின் கதை இதுதான். ஆபரேஷன் எடுத்துவிடுவது ஹார்மோன் சுரக்கும் உறுப்பை மட்டும்தான். கழுத்தைக் கவ்வுவது, இரண்டு பக்கமும் காலை ஊன்றுவது, பின்காலால் மிதிப்பது போன்ற அசைவுகளெல்லாம் மூளையிலேயே இருக்கின்றன. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ரோசன்பிளாட், ஆரன்சன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே பெட்டையோடு சேர்ந்து பழகியிருந்த ஆண் பூனைகளிடம் அந்த நடத்தை ஆபரேஷனுக்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. அனுபவமே இல்லாதவை சீக்கிரம் விட்டுவிட்டன. தொரை ஒன்றரை வயது வரை தெருவில் ராஜாங்கம் நடத்திவிட்டு எங்களிடம் வந்தவன். அவனிடம் அனுபவத்துக்கா பஞ்சம்?

அப்படியென்றால் இரண்டு வருடம் சும்மா இருந்தவனை எது கிளப்பிவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்தது ரொம்ப எளிது. அவன் ஏறிய ஒவ்வொரு நாளையும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளில் பேனாவால் குறித்தேன். வெளியே பூனை கத்திய ராத்திரிகளையும் குறித்தேன். மார்கழி நடுவில் ஒரு வாரம் கத்தல், அதே வாரம் தொரையின் ஆட்டம். பிறகு பத்து நாள் அமைதி. பொங்கலை ஒட்டி மறுபடி கத்தல், மறுபடி ஆட்டம். பெட்டைப் பூனையின் பருவம் ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். ஆணோடு சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். இரண்டு வரிசையும் அச்சு அசலாகப் பொருந்தின.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் "குளிர்காலத்தில் பூனைகள் பருவத்துக்கு வராது" என்று இருக்கும். பகல் நீளும்போதுதான் பூனைக்குப் பருவம் கிளம்பும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். இங்கே மார்கழியும் சித்திரையும் பூனைக்கு ஒன்றுதான்.

சரி, காலண்டரில் இப்படிப் பொருந்தவில்லை என்றால்? வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புதுப் பூனை, புதுக் குழந்தை, வெள்ளையடிப்பு, கட்டில் இடம் மாறியது, ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தது என்று எதுவாகவும் இருக்கலாம். பதற்றமும் சலிப்பும் ஏறும் பழக்கத்தைத் தூண்டும். ஏறப்படுவது பெட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆபரேஷன் ஆன ஆண் மேல் ஆண் ஏறும், பெட்டை மேல் பெட்டையும் ஏறும். விளையாட்டு முற்றி ஒருவன் மற்றவனை அமுக்கும் வேலை அது. வெட்கப்படவோ வீடியோ எடுக்கவோ அதில் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியவை. திட்டாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பயந்த பூனை நீங்கள் இல்லாத நேரத்தில் செய்யும், அவ்வளவுதான். பிடரியில் பல் இருக்கும்போது இழுக்கவும் கூடாது, கீழே இருப்பவளுக்குத் தோல் கிழியும். ஒரு தலையணையை இருவருக்கும் நடுவே நுழையுங்கள், அல்லது தூரத்தில் எதையாவது உருட்டிவிட்டுக் கவனத்தைத் திருப்புங்கள். வழக்கமாக ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் குச்சியில் துணி கட்டி அவனை நன்றாக ஓடவிட்டு, உடனே சாப்பாடு போடுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, நக்கிக்கொண்டு தூங்குவது பூனையின் இயல்பான வரிசை. கீழே மாட்டுகிறவளுக்கு அலமாரி மேல், பரண் மேல் என்று தப்பிக்க இரண்டு வழி வேண்டும். லிட்டர் தட்டு பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். வெளியே பார்க்கும் ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பழைய காலண்டர் அட்டையால் மூடிவிட்டேன். இதிலேயே பாதி அடங்கியது. மீதிப் பாதி சாம்பலி மாட்டிய பிறகுதான் அடங்கியது.

ஏறுவதோடு மூத்திர நாற்றமும் குறையவில்லை, கன்னம் உப்புகிறது

இது வேறு. காயடித்த பூனையின் சிறுநீரில் அந்தக் கடுவன் நெடி சில வாரத்தில் போய்விட வேண்டும். போகவில்லை, தாடையும் கடுவனுக்கு வருவதுபோல் தடித்துக்கொண்டே போகிறது, சண்டைக்கும் போகிறான் என்றால் ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். பிறக்கும்போதே கீழே இறங்காத விதை அது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் முதலில் வேண்டியதில்லை. ஆண் பூனையின் குறியில் கண்ணுக்குத் தெரியும் சின்னச் சின்ன முட்கள் உண்டு; அவை ஆண் ஹார்மோன் இருந்தால்தான் இருக்கும். ஆபரேஷன் ஆகி ஏறத்தாழ ஆறு வாரத்தில் மறைந்துவிடும். மாதங்கள் கழித்தும் முள் இருந்தால் எங்கிருந்தோ ஹார்மோன் வருகிறது என்று டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

"எங்கிருந்தோ" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வீட்டில் யாராவது டாக்டர் எழுதிக்கொடுத்த ஆண் ஹார்மோன் ஜெல்லைத் தோளில் தடவிக்கொள்பவராக இருந்தால், அவர் மடியில் படுத்து, தோலை நக்கும் பூனைக்கும் அது போய்ச் சேரும். அபூர்வம்தான், ஆனாலும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

போர்வை, கரடி பொம்மை, என் கை என்று எதையும் விடுவதில்லை

முதலில் அது ஏறுவதுதானா என்று பாருங்கள். முன்காலால் மாவு பிசைவதுபோல் பிசைந்து, கண் சொக்கி, குர்ர்ர் என்று சத்தம் போட்டால் அது தாயிடம் பால் குடித்த நினைவு. துணியின் ஓரத்தைக் கவ்வி, பின்கால் மிதித்து, இடுப்பை அசைத்தால்தான் நாம் பேசும் விஷயம். துணியோடு நிற்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை; ஒரு பழைய போர்வையை அவனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கை என்றால் எழுந்து போய்விடுங்கள். சிரித்தாலும் கத்தினாலும் அவனுக்கு அது ஒரு பதில்தான்.

பெட்டைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனாலும் உருண்டு புரண்டு கத்துகிறாள்

இங்கே ஒரு சிறு குழப்பம். முதுகின் வால்பக்கம் தடவினால் பின்புறத்தைத் தூக்குவதைப் பெரும்பாலான பூனைகள் செய்யும். அதை மட்டும் வைத்துப் பருவம் என்று முடிவுகட்ட முடியாது. உருளுவதும் அப்படித்தான். வெல்லம் ஒருநாள் தோட்டத்தில் வெறி பிடித்தவள்போல் உருண்டாள். பதறிப் போய்ப் பார்த்தால், களை பறித்தபோது வேரோடு வந்த குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அதன் வேர்வாசம் பட்டால் பூனை மயங்கி உருளும்.

ஆனால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, முன்பாதியைத் தரையோடு அழுத்தி, பின்காலால் மிதித்து, அடிவயிற்றிலிருந்து ஊளை வருவதுபோல் நாள் கணக்கில் கத்தி, ஒரு வாரத்தில் நின்று, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் அதே ஆட்டம் என்றால் அது உண்மையான பருவம்தான். ஆபரேஷனில் சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கும். கடுகளவு திசுகூட வயிற்றுச் சவ்வில் ஒட்டி, புது ரத்தக்குழாய் பிடித்து, ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும். ஆபரேஷன் ஆகிச் சில வாரத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். கருப்பையை எடுத்துவிட்டிருந்தால் குட்டி வராது. ஆனாலும் விட்டுவைப்பது நல்லதல்ல. மிச்சமிருக்கும் கருப்பை அடிக்கட்டையில் சீழ் பிடிக்கலாம், மடியில் கட்டி வரலாம்.

டாக்டரிடம் போகும்போது கத்தல் அடங்கிய பிறகு போகாதீர்கள், கத்திக்கொண்டிருக்கும்போதே போங்கள். யோனியில் பஞ்சு வைத்து எடுத்த செல்களைப் பார்த்தால் ஹார்மோன் வேலை செய்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ரத்தத்தில் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனைப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தாலும், பருவத்தின்போது அந்தத் துணுக்கு புடைத்துத் தெரியும் என்பதால் தேடுவது சுலபம். அவள் கத்தும்போது வீடியோ ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் "சும்மா கொஞ்சுறா" என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒருமுறை என்னை அப்படி அனுப்பினார்கள். அது பழைய கதை.

ஒரு துணைத் தகவல். பூனைக்குப் பெரும்பாலும் சேர்க்கை நடந்தால்தான் கருமுட்டை வெளிவரும். ஆகவே ஆபரேஷன் ஆன ஆண் பூனை ஏறினாலும்கூட, பருவத்தில் இருக்கும் பெட்டைக்குக் கருமுட்டை வெளிப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் பொய்ச்சினையாக இருந்து, அவள் கத்தாமல் இருக்கலாம். "தானா சரியாயிடுச்சு" என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

சுவரில் பீய்ச்சுகிறான்

நின்றபடி, வால் நடுங்க, செங்குத்தாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. ஆபரேஷன் ஆன ஆண்களில் பத்தில் ஒன்று இதை விடுவதில்லை. பினாயிலும் டெட்டாலும் ஊற்றிக் கழுவாதீர்கள். அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது. காலில் பட்டதை நக்கியே நோய்வாய்ப்படும். என்சைம் கலந்த கிளீனர் இருந்தால் அதை, இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரும் வெயிலும். பீய்ச்சும் இடம் ஜன்னலும் வாசற்கதவும் என்றால் எதிரி வெளியே இருக்கிறான் என்று அர்த்தம்.

இனி அந்த வெளி ஆட்கள்.

வருகிறது, ஆனால் எப்போது வருகிறது என்றே தெரியவில்லை

கேமரா வாங்குவதற்கு முன் கோலத்துக்கு வைத்திருக்கும் அரிசிமாவை எடுங்கள். கல்மாவு வேண்டாம், நக்கினாலும் கெடுதல் இல்லாத பச்சரிசி மாவு. மதில் மேலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் மெல்லிசாகத் தூவி, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை பாருங்கள். நகம் பதியாத உருண்டைக் காலடி பூனை. நகம் தெரிந்தால் நாய்க்குட்டியோ கீரியோ. சாம்பலி நாலரை மணிக்கும் ஐந்துக்கும் நடுவில், பால் பாக்கெட் வருவதற்கு முன், மேற்கு மதில் வழியாக மட்டும் வருகிறாள் என்று மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது.

நேரம் தெரிந்தபின் அதே நேரம், அதே இடம், அதே தட்டு. ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி என்று உங்களுக்கு வசதியான நேரத்துக்கு நகர்த்தலாம்.

ஆணா பெண்ணா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதா?

மூன்று நிறம் கலந்திருந்தால் அநேகமாக எப்போதும் பெட்டை. முழு ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் ஆண். தலை பெரிசு, கன்னம் தடிப்பு, காதெல்லாம் கிழிசல் என்றால் காயடிக்காத கடுவன். ஆபரேஷன் ஆன தெருப்பூனைக்கு ஒரு காதின் நுனியை நேர்க்கோடாக வெட்டிவிடுவது உலகெங்கும் உள்ள அடையாளம். பல இடங்களில் இடது காது. சண்டைக் கிழிசல் கோணல்மாணலாக இருக்கும், இது கத்தரித்ததுபோல் இருக்கும். சிலர் "அழகு போயிடும்" என்று காதை வெட்ட வேண்டாம் என்கிறார்கள். அப்படி அடையாளம் இல்லாமல் விடப்பட்ட ஒரு பெட்டையை நான் அறியாமல் பிடித்துக்கொண்டு போய், மயக்க ஊசி போட்டு முடியை மழித்தபிறகுதான் பழைய தழும்பு தெரிந்தது. காது நுனியைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரோடும் விவாதிப்பதில்லை.

சோறு தின்கிறது, கூண்டைக் கண்டால் ஓடுகிறது

பசி இல்லாத பூனை கூண்டுக்குள் போகாது. நீங்கள் ஒருநாள் சாப்பாடு நிறுத்தினால் போதாது, தெருவே நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பாட்டி தயிர்சாதம் வைப்பார், டீக்கடைக்காரர் பன் ஊறப்போடுவார், மீன்கார அக்கா குடலை வீசிவிட்டுப் போவார். மூன்று பேரிடமும் கெஞ்சி, ஒரே ஒரு நாள் மட்டும் நிறுத்தச் சொல்வதற்கே இரண்டு வாரம் போயிற்று. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். குட்டிகளையும் பால் கொடுக்கும் தாயையும் பட்டினி போடக் கூடாது.

எலிக்கூண்டு உதவாது, வால் மாட்டும். பூனைக்கூண்டு முக்கால் மீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். நாலு கால் முழுக்க உள்ளே போன பிறகே கதவு விழும்படி மிதிபலகை கடைசியில் இருக்க வேண்டும். முதல் வாரம் கதவைக் கம்பியால் திறந்தே கட்டிவைத்து, கூண்டுக்கு வெளியே சாப்பாடு, பிறகு வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசியில். கம்பி காலில் படுவது பூனைக்குப் பிடிக்காது, நாளிதழ் விரித்துவிடுங்கள். மேலே பழைய லுங்கி ஒன்றைப் போர்த்தினால் அது பொந்துபோல் இருக்கும். கதவுக்கும் கீலுக்கும் சமையல் எண்ணெய் தடவுங்கள். அந்த 'கிறீச்' ஒன்றுக்கே இரண்டு நாள் வீணாயிற்று. இரை நாறட்டும். வறுத்த நெத்திலிக் கருவாடு, அவித்த மத்தி இரண்டும் காற்றில் தூரம் போகும். கொஞ்சமாக வையுங்கள், மறுநாள் மயக்க ஊசி, வயிறு காலியாக இருக்க வேண்டும்.

எறும்பு! இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கருவாட்டு வாசத்துக்குப் பூனைக்கு முன் எறும்பு வரும், மாட்டிய பூனையையும் கடிக்கும். எறும்புப் பொடி தூவினால் அதுவே பூனைக்கு விஷம். மீன்குழம்புப் பாத்திரத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்போமே, அதே வித்தை: நாலு தட்டில் தண்ணீர், அதில் நாலு செங்கல், அதன் மேல் ஆடாமல் கூண்டு.

வேறு பூனைதான் திரும்பத் திரும்ப மாட்டுகிறது / ஒருமுறை மாட்டித் தப்பியது, இனி கிட்டவே வராது

சூடுகண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். சாம்பலி முதல் தடவை கதவு வால்மேல் விழுந்து தப்பியவள். அவளுக்கு மறுபடி அந்தக் கூண்டையே காட்டுவது வீண்வேலை.

சின்ன வயதில் கோழி மூடும் பஞ்சாரத்தைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி, தூரத்தில் உட்கார்ந்து புறா பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அதேதான். அடியில்லாத பெரிய மரச்சட்டம், நாலு பக்கமும் மேலும் மீன்வலையோ கோழிவலையோ அடித்தது. ஒரு பக்கத்தைக் குச்சியில் தூக்கி நிறுத்தி, குச்சியில் கயிறு. பஞ்சாரம் பூனைக்குப் போதாது, ஒரே முட்டில் புரட்டிவிடும். சட்டம் கனமாக இருக்க வேண்டும். பூனைக்கு இது கூண்டாகவே தெரியாது, ஏனென்றால் எல்லாப் பக்கமும் வெளிச்சம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து நீங்கள்தான் இழுக்கிறீர்கள். ஆகவே வேறு பூனை வந்து தின்றுவிட்டுப் போகட்டும், பரவாயில்லை. தலை குனிந்து அசையாமல் தின்னும்போது இழுங்கள், நுழையும்போது இழுத்தால் சட்டம் முதுகில் விழும். விழுந்ததும் ஓடிப்போய் முழுவதையும் போர்வையால் மூடுங்கள். இருட்டானால் முட்டுவது நிற்கும். பிறகு ஓரத்தில் உள்ள சின்னக் கதவோடு சாதாரணக் கூண்டை ஒட்டவைத்து, கூண்டின் பின்பக்கம் மட்டும் போர்வையை விலக்கினால் வெளிச்சத்தைப் பார்த்து அதுவே போய்விடும்.

சாம்பலி தை கடைசியில், ஒரு விடியற்காலை நாலே முக்காலுக்கு இப்படித்தான் மாட்டினாள். பொங்கலுக்குப் பிறகு அவள் கத்தல் நின்றிருந்தது. பெட்டை கத்துவதை நிறுத்தினால் நிம்மதி அடையாதீர்கள், பெரும்பாலும் சினை பிடித்துவிட்டது என்றுதான் பொருள். சினைக்காலம் 63 நாளிலிருந்து 65 நாள். அவள் விஷயத்திலும் அதுதான் நடந்திருந்தது, ஆரம்பக் கட்டம் என்பதால் டாக்டர் அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்.

மாட்டியவள் மடியில் பால் இருக்கிறது

காம்பைச் சுற்றி முடி தேய்ந்து, சிவந்து இருந்தால் எங்கேயோ குட்டி காத்திருக்கிறது. குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிமார் சொல்வது கிட்டத்தட்ட உண்மை, தேடுவது கஷ்டம். குட்டி கண்ணும் திறக்காத வயது என்று தோன்றினால் கூண்டைத் திறந்துவிட்டு, சில வாரம் கழித்துப் பிடியுங்கள். கொஞ்சம் வளர்ந்த குட்டி என்றால், டாக்டரிடம் முன்பே சொல்லிக் காலையில் முதல் ஆபரேஷனாக முடித்து, முழுதாகத் தெளிந்தபின் அன்று மாலையே அதே இடத்தில் விடலாம். ஆபரேஷனால் பால் வற்றாது.

கடித்துவிட்டது, பிறாண்டிவிட்டது

மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்தே கழுவுங்கள், 15 நிமிடம் ரொம்ப நீளம். பூனைக்கும் வெறிநோய் வரும், பூனை மூலமாகவும் பரவும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசியை ஆரம்பித்து, கடைசித் தவணை வரை போட வேண்டும். பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் ஒரே நாளில் கை வீங்கும், அதையும் காட்டிவிடுங்கள். கூண்டில் உள்ள தெருப்பூனையைத் தடவ ஆசைப்படுவது நம் ஆசை, அதன் ஆசை அல்ல.

பிடித்தாயிற்று, கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டால் என்ன?

சாக்கில் கட்டி மீன்மார்க்கெட்டில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். அது போக, காலியான இடத்துக்கு ஆபரேஷன் ஆகாத வேறு பூனை வரும், நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலும் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிலும் விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனையில். கூண்டோடு போவதற்கு முன் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த ஆணை ஒரு ராத்திரி, பெட்டையை ஒன்றிரண்டு நாள், போர்த்திய கூண்டிலேயே நிழலில் வைத்திருந்து, நேராக நடந்து சாப்பிட்ட பிறகு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

விட்ட பிறகு ஆளையே காணோம்

வராது. கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மட்டும் அதே நேரம், அதே தட்டில் வைத்துக்கொண்டே இருங்கள், கூண்டைக் கண்ணில் படாமல் ஒளித்துவிடுங்கள். சாம்பலி ஒன்பதாம் நாள் வந்தாள், மேற்கு மதில் வழியாக அல்ல, கிழக்கு வழியாக. மாவில் காலடி பார்த்துத்தான் தெரிந்தது. காலண்டர் தாளில் தொரையின் பெயரைக் குறித்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டேன். போன வாரம் கன்னம் உப்பிய ஓர் ஆரஞ்சுக் கடுவன் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தான், இரண்டு காதும் முழுசு. கூண்டுக் கீலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.